கைக்கு அடக்கமான போனா, காசுக்கு அடக்கமான போனா?

திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். போன் விற்பனை கிடையாது. காம்போ (தொடுதிரையும் டிஸ்ப்ளேயும் சேர்ந்த பாகம்) மாற்றுவது, பேட்டரி மாற்றுவது, சார்ஜிங் பின் மாற்றுவது, தண்ணீர் புகுந்த போர்டைத் தேற்றுவது, இவ்வளவுதான் என் தொழில். எந்த கம்பெனி போன் விற்றாலும் எனக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

கடைக்கு வருகிறவர்கள் பழுதான போனை மேசைமேல் வைத்த கையோடு, “அக்கா, சின்னதாக, விலை குறைவாக ஒரு நல்ல போன் சொல்லுங்கள்” என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. அந்த ஒரு கேள்விக்குள் இரண்டு ஆசைகள் இருக்கின்றன. ஒன்று கைக்கானது, மற்றொன்று காசுக்கானது. இன்றைக்குக் கடைகளில் இவை இரண்டும் ஒரே பெட்டிக்குள் கிடைப்பது அரிது. உங்களுக்கு எது பெரிய ஆசை என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். மற்ற கணக்கெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பத்தாயிரம் ரூபாய்க்குள் வந்த போன்களைப் பாருங்கள். ரெட்மி 13சி-யின் திரை 6.74 அங்குலம். 2024 நவம்பரில் 8,499 ரூபாய்க்கு வந்த ரெட்மி ஏ4 5ஜி-யின் திரை 6.88 அங்குலம். இப்போது சின்ன போன்கள் பக்கம் வாருங்கள். 2025இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்25-இன் திரை 6.2 அங்குலம்; அறிமுக விலை 80,999 ரூபாய். அதே ஆண்டில் வந்த ஒன்பிளஸ் 13எஸ் 6.32 அங்குலம், அறிமுக விலை 54,999. அரை அங்குலம் குறைவதற்கு ஆறு மடங்கு, ஒன்பது மடங்கு விலை. ஐபோன் மினி வரிசை 2020இல் தொடங்கி 2021இல் வந்த 13 மினியோடு முடிந்துபோனது. 4.7 அங்குலத் திரை கொண்ட ஐபோன் எஸ்இ-யையும் 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டார்கள்.

ஏன் இப்படி என்று போனைத் திறந்து பார்க்கிற எனக்குக் கண்ணெதிரே தெரிகிறது. விலை குறைந்த பெரிய போனின் பின்மூடியைக் கழற்றினால் உள்ளே தாராளமாக இடம் இருக்கும். மேலே ஒரு போர்டு, நடுவில் பெரிய பேட்டரி, கீழே சார்ஜிங் பின்னோடு ஒரு சின்ன போர்டு. எதையும் நெருக்கி வைக்க வேண்டிய அவசியமே இல்லை. ஐபோன் மினியைத் திறந்தால் போர்டே இரண்டு அடுக்காக, ஒன்றின்மேல் ஒன்று பற்றவைக்கப்பட்டிருக்கும். விரல் நுழைய இடமிருக்காது. நெருக்கி அடுக்குவதற்கும் அந்த நெருக்கத்தில் சூடு ஏறாமல் பார்த்துக்கொள்வதற்கும்தான் செலவு. சின்னது என்பதால் பொருள் குறைவு, ஆகவே விலையும் குறைவாக இருக்க வேண்டும் என்று எண்ணிக் கடைக்குப் போகாதீர்கள்.

அட்டையை வெட்டிப் பாருங்கள்

இணையத்தில் படம் பார்த்து அளவை முடிவு செய்ய முடியாது. வீட்டில் சட்டைப் பெட்டி அட்டை இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று துண்டுகள் வெட்டுங்கள். முதலாவது 64 மில்லிமீட்டர் அகலம், 132 உயரம்: இது ஐபோன் 13 மினி. இரண்டாவது 71 அகலம், 147 உயரம்: இது கேலக்ஸி எஸ்24 அல்லது எஸ்25. மூன்றாவது 78 அகலம், 168 உயரம்: இது ரெட்மி 13சி. உறை போட்டால் ஒவ்வொரு பக்கமும் இன்னும் கொஞ்சம் கூடும் என்பதால் தாராளமாகவே வெட்டுங்கள்.

இப்போது ஒவ்வொன்றையும் ஒரு கையில் பிடித்துக் கட்டைவிரலை எதிர்ப்புற மேல் மூலைக்குக் கொண்டுபோங்கள். எட்டவில்லை என்றால் அட்டையை உள்ளங்கையில் நகர்த்தத் தொடங்குவீர்கள் அல்லவா? போன் கீழே விழுவது அந்த நகர்த்தலில்தான். என் கடைக்கு வரும் உடைந்த திரைகளில் பெரும்பாலானவற்றின் கதை இதுதான்: பஸ்ஸில் ஒரு கை கம்பியைப் பிடித்திருந்தது, மறு கை டிக்கெட் எடுக்கவோ அழைப்பை எடுக்கவோ போனை நகர்த்தியது, டிரைவர் பிரேக் போட்டார். இப்போது பஸ்ஸுக்கும் மெட்ரோவுக்கும் ‘சென்னை ஒன்’ செயலியிலேயே டிக்கெட் எடுக்கலாம் என்பதால், நின்றுகொண்டு ஒரு கையால் போனை இயக்க வேண்டிய நேரம் கூடியிருக்கிறது.

அடுத்து, அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு குனிந்து நிமிருங்கள். ஆட்டோ ஓட்டுபவர்களின் காக்கிச் சட்டைப் பையில் மூன்றாவது அட்டை பாதி வெளியே நிற்கும். சுருக்குப் பையை இடுப்பில் செருகி மீன் விற்கும் அம்மாக்களுக்கு அது உள்ளேயே போகாது. கையிலோ கூடையிலோ வைப்பார்கள், அங்கிருந்து அது ஐஸ் தண்ணீருக்குப் போகும். உங்கள் போன் பகலெல்லாம் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு உண்மையான பதில் சொன்னாலே பாதி முடிவு வந்துவிடும். பெரும்பாலும் மேசைமீதோ கைப்பையிலோ என்றால், சின்ன போனுக்காக அதிகப் பணம் கொடுக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. விளம்பரத்தில் சொல்லும் அங்குலம் திரையின் மூலைவிட்டம். அது கையின் கணக்குக்கு உதவாது. பழைய ஐபோன் எஸ்இ 4.7 அங்குலம், 13 மினி 5.4 அங்குலம். கேட்டால் மினிதான் பெரியது என்று தோன்றும். ஆனால் திரையின் அகலம் இரண்டிலும் ஏறக்குறைய 58 மில்லிமீட்டர்தான். மினியின் திரை நெட்டையாக வளர்ந்திருக்கிறது, அவ்வளவே. உடலளவில் எஸ்இ 67 மில்லிமீட்டர், மினி 64. ஆகவே அங்குலத்தை விட்டுவிட்டு, விவரப் பட்டியலில் அகலம் எத்தனை மில்லிமீட்டர் என்று தேடுங்கள். 72க்குள் இருந்தால் சராசரிக் கைக்கு ஒரு கையால் சமாளிக்கலாம் என்பது என் மதிப்பீடு. எடையையும் அங்கேயே பாருங்கள். 13 மினி 140 கிராம் அளவில் இருக்கிறது, ரெட்மி 13சி 192 கிராம். படுத்துக்கொண்டு படிப்பவர்களுக்கு அந்த 50 கிராம் மணிக்கட்டில் தெரியும்.

தமிழில் படிப்பவர், தமிழில் எழுதுபவர்

இதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை, ஆனால் நமக்கு மிக முக்கியம். ஆங்கில விசைப்பலகையின் மேல்வரிசையில் 10 எழுத்துகள். தமிழ்99 பலகையில் மேல்வரிசையில் மட்டும் 12 எழுத்துகள். ஆ, ஈ, ஊ என்று தொடங்கி ச, ஞ வரை போகிறது. 58 மில்லிமீட்டர் அகலத்தை 12ஆகப் பிரித்தால் ஒரு விசைக்கு 5 மில்லிமீட்டர்கூடக் கிடைக்காது. 6.74 அங்குலத் திரையில் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் கிடைக்கும். ஒரு மில்லிமீட்டர்தானே என்று நினைக்கலாம். ன எழுத நினைத்து ற விழுவது அந்த ஒரு மில்லிமீட்டரில்தான். பேசி எழுத வைக்கும் வசதியை நம்பி இருப்பவர்களுக்கும், ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக மாற்றுபவர்களுக்கும் இது பொருட்டில்லை. தமிழ்99இல் பழகியவர்கள் கடையிலேயே ஒரு பத்தி தட்டிப் பார்த்துவிட்டுத்தான் சின்ன போன் வாங்க வேண்டும்.

படிப்பதிலும் அப்படியே. தமிழ்ச் சொற்கள் நீளம். 45 வயதைத் தாண்டி வெள்ளெழுத்து வந்தவர்கள் எழுத்தைப் பெரிதாக்கி வைப்பார்கள். சின்னத் திரையில் அப்படி வைத்தால் ஒரு வரிக்கு இரண்டு மூன்று சொற்கள்தான் நிற்கும். வாட்ஸ்அப்பில் நாலு வரிச் செய்தியைப் படிக்கத் திரையை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பணம் அனுப்பும் செயலிகளில் இன்னும் சிரமம்: பெரிய எழுத்தில் பொத்தான்கள் ஒன்றை ஒன்று நெருக்கி, சிலவற்றில் தொகையே பாதி மறைந்து நிற்கும். கண்ணாடி போட்டும் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கும் பெரியவர்களுக்குச் சின்ன போன் வாங்கித் தராதீர்கள். கைக்குக் கனமாக இருந்தாலும் அவர்களுக்குப் பெரிய திரைதான் உதவி.

அவர்கள் பேசுவதற்கு மட்டுமே போன் வைத்திருப்பவர்கள் என்றால் விசைகள் உள்ள சாதாரண போனே போதும். ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் தொடங்கிவைத்த யுபிஐ 123பே மூலம் அதிலிருந்தே பணம் அனுப்பலாம். 2023இல் 999 ரூபாய்க்கு வந்த ஜியோபாரத் போனிலும் யுபிஐ இருக்கிறது. சின்னதும் விலை குறைந்ததும் உண்மையாகவே ஒன்றுசேர்கிற இடம் இதுதான்.

பேட்டரி

சின்ன உடலில் சின்ன பேட்டரிதான் பொருந்தும். 13 மினியில் அதன் கொள்ளளவு ஏறக்குறைய 2,400 எம்ஏஎச், எஸ்25இல் 4,000, ரெட்மி 13சி-யில் 5,000. சின்னத் திரை குறைவாகத்தான் மின்சாரம் எடுக்கும் என்பதும் உண்மை. ஆனால் டவர் தேடுவது, ஜிபிஎஸ், வெயிலில் திரை முழு வெளிச்சத்தில் எரிவது ஆகியவற்றுக்கு இந்தச் சலுகை பெரிதாக உதவாது. எண்ணூர் விரைவுச் சாலையில் வெயிலில் வண்டியில் வழிகாட்டும் வரைபடத்தைப் போட்டுக்கொண்டு டெலிவரி செய்கிற பிள்ளைகளுக்கு மினி மாதிரியான போன் மதியத்துக்குமேல் தாங்காது. அவர்களுக்கு நான் பெரிய போனைத்தான் சொல்கிறேன், மாற்றுக் கருத்தே இல்லை.

பேட்டரியில் இன்னொரு கணக்கு இருக்கிறது. பலர் அதைக் கவனிப்பதில்லை. லித்தியம் பேட்டரிக்கு ஆயுள் என்பது சார்ஜ் சுற்றுகளின் எண்ணிக்கை. ஐபோன் 14 வரையிலான மாடல்களுக்கு 500 முழுச் சுற்றுகளுக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவு இருக்கும்படி வடிவமைத்திருப்பதாக ஆப்பிளே சொல்கிறது. 15இலிருந்து அது 1,000 சுற்றுகள். ஒரு சின்ன போனைத் தினமும் இரண்டு முழுச் சார்ஜ் செய்கிறீர்கள் என்று வையுங்கள். 500 சுற்றுகள் எட்டு மாதத்தில் முடிந்துவிடும். அதே வேலையை ஒன்றரை நாளைக்கு ஒரு சார்ஜில் செய்கிற பெரிய போனுக்கு அந்த 500 சுற்றுகள் இரண்டு வருடம் வரும். சின்ன பேட்டரி ஒரு நாளில் சீக்கிரம் தீர்வதோடு நிற்பதில்லை, சீக்கிரம் கிழடும் தட்டுகிறது. கத்திரி வெயில் அதற்கு மேலும் உரம் போடும். ஐபோனை 35 டிகிரிக்குக் கீழே உள்ள இடத்தில் பயன்படுத்தச் சொல்கிறது அதே கம்பெனி. மே மாதத்தில் நம் ஊர் 40ஐத் தொடுகிறது. உப்பிய பேட்டரிகள் என் மேசைக்கு அதிகமாக வருவது அந்த மாதங்களில்தான்.

புதிதாக வரும் சிலிக்கான் கலந்த பேட்டரிகள் இந்தக் கணக்கை மாற்றத் தொடங்கியிருக்கின்றன. ஒன்பிளஸ் 13எஸ்இல் 5,850 எம்ஏஎச், விவோ எக்ஸ்200 எஃப்இ-யில் 6,500. இரண்டும் 6.3 அங்குல அளவில் உள்ள போன்கள். ஆனால் இரண்டுமே அறிமுகத்தில் 54,999 ரூபாய்.

விலை குறையும்போது எது குறைகிறது

பளபளக்கும் பின்மூடி, 50 மெகாபிக்சல், 5,000 எம்ஏஎச் இவையெல்லாம் எட்டாயிரம் ரூபாய் போனிலும் இருக்கின்றன. அப்படியென்றால் காசு எங்கே மிச்சமாகிறது? கண்ணுக்குத் தெரியாத மூன்று இடங்களில்.

முதல் இடம் நினைவகம். விலை குறைந்த போன்களில் இஎம்எம்சி வகைச் சேமிப்பகம் இருக்கும்; அதற்கு மேலே உள்ளவற்றில் யுஎஃப்எஸ். இஎம்எம்சி ஒரு நேரத்தில் படிக்கும் அல்லது எழுதும். யுஎஃப்எஸ் இரண்டையும் சேர்த்துச் செய்யும். புதிதாக வாங்கும்போது வித்தியாசம் தெரியாது. ஒன்றரை வருடம் கழித்து, 64 ஜிபி-யில் வாட்ஸ்அப் வீடியோக்கள் நிரம்பிய பிறகு தெரியும். மளிகைக் கடையில் பின்னால் நாலு பேர் நிற்க, க்யூஆர் குறியீட்டைக் காட்டினால் கேமரா திறக்காமல் திரை கறுப்பாகவே நிற்கும். அப்போது போன் கெட்டுவிட்டது என்று என்னிடம் கொண்டுவருவார்கள். போர்டில் பழுதே இருக்காது. படங்களை மெமரி கார்டுக்கோ கணினிக்கோ மாற்றிக் கால்பங்கு இடத்தைக் காலியாக்கிக் கொடுத்தால் திரும்ப ஓடும். ஆகவே காசு இடித்தாலும் 128 ஜிபி-க்குக் கீழே போகாதீர்கள். ‘8 ஜிபி ரேம்’ என்று எழுதி, கீழே பொடி எழுத்தில் 4+4 என்று போட்டிருந்தால் அது 4 ஜிபி போன்தான். மீதி 4 அந்த மெதுவான சேமிப்பகத்திலிருந்து கடன் வாங்கியது.

இரண்டாவது, 5ஜி. பெட்டியில் 5ஜி என்று இருந்தால் மட்டும் போதாது. மேலே சொன்ன ரெட்மி ஏ4 வெளிவந்தபோது எஸ்ஏ என்கிற தனி 5ஜி வலையமைப்பில் மட்டுமே வேலை செய்தது. ஜியோ அந்த வகை. ஏர்டெல் அப்போது 4ஜியோடு சேர்ந்து இயங்கும் என்எஸ்ஏ வகையில் 5ஜி கொடுத்துவந்தது. ஏர்டெல் சிம் வைத்திருந்தவர்களுக்கு அந்த போனில் 4ஜிதான். உங்கள் சிம் எது, இந்த மாடலில் அதன் 5ஜி எடுக்குமா என்று விற்பவரிடம் கேட்டு, உங்கள் சிம்மைப் போட்டே பார்த்துவிடுங்கள். வாட்ஸ்அப்பும் பணம் அனுப்புவதும்தான் வேலை என்றால் 4ஜியே தாராளம்.

மூன்றாவது, ஆயுள். அதாவது மென்பொருள் புதுப்பிப்பு எத்தனை வருடம் வரும் என்பது. கேலக்ஸி எஸ்24இலிருந்து 7 வருடம், பிக்சல் 8இலிருந்து 7 வருடம் என்று உறுதி தருகிறார்கள். விலை குறைந்தவற்றில் இரண்டு வருடத்தோடு நின்றுவிடுபவை ஏராளம். நடுத்தர விலையிலும் விதிவிலக்கு உண்டு: சாம்சங் ஏ16 5ஜி-க்கு 6 வருடம் சொல்லியிருக்கிறார்கள். பெட்டியில் இதைப் போடுவதில்லை. கம்பெனியின் இணையதளத்தில்தான் தேட வேண்டும். புதுப்பிப்பு நின்ற மறுநாளே போன் நின்றுவிடாது. ஆனால் செயலிகள் ஒவ்வொன்றாகக் கைவிடும். 2025இல் வாட்ஸ்அப் ஐஓஎஸ் 15.1 என்ற மென்பொருள் பதிப்புக்குக் கீழே உள்ள ஐபோன்களைக் கைவிட்டபோது ஐபோன் 6 வைத்திருந்தவர்கள் நல்ல நிலையில் இருந்த போனை ஓரம் வைத்தார்கள். வங்கிச் செயலிகளும் இப்படியே படியை உயர்த்திக்கொண்டு போகின்றன.

கேமராவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விலை குறைந்த போனின் பின்னால் மூன்று வட்டங்கள் இருந்தால் ஒன்றுதான் உழைக்கும். பகலில் நன்றாக எடுக்கும், இரவில் கல்யாண மண்டபத்தில் குழப்பிவிடும்.

உப்புத் தண்ணீரில் வேலை செய்பவர்களுக்கு

காசிமேட்டுக்காரர்களுக்காகத் தனியாக எழுதுகிறேன். துறைமுகத்தில் ஏலம் எடுப்பவர், ஐஸ் உடைப்பவர், மீன் வண்டி ஓட்டுபவர் என்று யார் போனைத் திறந்தாலும் சார்ஜிங் பின் ஓரத்தில் ஒரே காட்சி: பச்சையும் வெள்ளையுமாகப் பூத்த பொடி. செம்பும் உப்பும் சேர்ந்து செய்த வேலை. பிரஷ்ஷால் தட்டினால் உதிரும். அடியில் பார்த்தால் பின்னின் மெல்லிய கால்களில் ஒன்றிரண்டு கரைந்தே போயிருக்கும். சார்ஜ் ஏறாமல் நிற்பது அதனால்தான்.

தண்ணீர் தாங்கும் தரம் ஐபி67, ஐபி68 என்று எழுதியிருக்கிறதே என்று கேட்பீர்கள். ஐபி67 என்பது ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் நடப்பது. கடல் தண்ணீர் கணக்கில் இல்லை. தண்ணீர் புகுந்த பழுதுக்குப் பெரும்பாலான கம்பெனிகள் வாரண்டியும் தருவதில்லை. தவிர, ஓரங்களில் ஒட்டியிருக்கும் பசை நாளாக நாளாகத் தளரும். பேட்டரி மாற்ற ஒருமுறை திறந்துவிட்டால் பழைய பாதுகாப்பு இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

ஆகவே உப்பில் வேலை செய்பவர்கள் விலை உயர்ந்த சின்ன போனை எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போக வேண்டாம். நிறைய விற்கிற, எங்கும் உதிரிபாகம் கிடைக்கிற, விலை குறைந்த பெரிய போன் ஒன்று, அதற்குக் கழுத்தில் தொங்கும் பிளாஸ்டிக் பை ஒன்று. அப்படி விற்கிற மாடலுக்கு ரிச்சி தெருவில் காம்போ கேட்டால் அன்றைக்கே கிடைக்கும். எல்சிடி திரை என்பதால் வேலையும் சேர்த்து ஓரிரு ஆயிரத்தில் முடியும். அமோலெட் திரை உள்ள சின்ன போனுக்கு அதே வேலை பல ஆயிரம். நனைந்தால் முதலில் அணைத்துவிடுங்கள். சார்ஜ் போட்டுப் பார்க்காதீர்கள், அரிசியில் புதைக்காதீர்கள், நேராகக் கடைக்குக் கொண்டுவாருங்கள். மின்சாரம் ஓடினால்தான் உப்பு வேகமாகத் தின்னும்.

பழைய போன் வாங்குவது

கைக்கு அடக்கமானதே வேண்டும், ஐம்பதாயிரம் முடியாது என்பவர்களுக்கு மிஞ்சியிருப்பது இந்த வழிதான். இரண்டு மூன்று வருடம் பழைய உயர்தர போன். எஸ்23 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: 6.1 அங்குலம், 168 கிராம், 2023 பிப்ரவரியில் வந்தது, பாதுகாப்புப் புதுப்பிப்பு 5 வருடம் என்பதால் 2028 வரை. மினி வேண்டும் என்றால் 13 மினி. 12 மினியைவிட அதில் பேட்டரி கொஞ்சம் கூடுதல். ஆனால் அதில் ஒரு சிம்தான் உள்ளே போகும். இரண்டாவது எண்ணை இ-சிம்மாக (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் சிம்) மாற்றிக்கொள்ள வேண்டும். மெமரி கார்டு போட இடமும் கிடையாது.

பிக்சல் 4ஏ-வை இன்றைக்கும் சிலர் பரிந்துரைக்கிறார்கள். 143 கிராம், பிடிக்க அருமையான போன், மறுக்கவில்லை. ஆனால் அதன் புதுப்பிப்பு 2023இலேயே முடிந்துவிட்டது. 2025 ஜனவரியில் தானாக ஏறிய ஒரு புதுப்பிப்பு சில போன்களில் பேட்டரிக் கொள்ளளவை வேண்டுமென்றே குறைத்தது. 5ஜியும் இல்லை. இனி வாங்க வேண்டாம்.

பர்மா பஜாரிலோ, தெருமுனைக் கடையிலோ, தெரிந்தவரிடமோ, எங்கே வாங்கினாலும் பணம் கொடுக்கும் முன் இதைச் செய்யுங்கள். *#06# அழுத்துங்கள், அந்த போனின் அடையாளமான 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். உங்கள் போனிலிருந்து கேஒய்எம் (KYM) என்ற மூன்று ஆங்கில எழுத்து, ஓர் இடைவெளி, அந்த எண் என்று தட்டி 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். அது எந்த மாடல், தடை செய்யப்பட்டதா, போலி எண்ணா என்று பதில் வரும். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்திலும் பார்க்கலாம். திருட்டு போன் என்று தடை விழுந்தால் எந்த சிம் போட்டாலும் வேலை செய்யாது. கொடுத்த காசு போனது போனதுதான்.

பிறகு விற்பவரையே அவருடைய கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கை உங்கள் கண்முன்னால் நீக்கச் சொல்லுங்கள். கடவுச்சொல் மறந்துவிட்டது என்றால் அந்த போன் வேண்டாம். ஐபோனில் அமைப்புகளுக்குள் பேட்டரி ஆரோக்கியம் சதவீதமாகத் தெரியும். 11 முதலான மாடல்களில் திரையும் பேட்டரியும் ஒரிஜினலா என்பதும் ‘அபவுட்’ பகுதியில் தெரியும். ஆண்ட்ராய்டில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, முழு வெளிச்சத்தில் வைத்து, பச்சைக் கோடோ பழைய விசைப்பலகையின் நிழலோ தெரிகிறதா என்று பாருங்கள். ஒரு அழைப்பு செய்து மைக், ஸ்பீக்கர், காதருகே கொண்டுபோனால் திரை அணைவது மூன்றையும் சோதியுங்கள். சார்ஜரைச் செருகிச் சற்று ஆட்டிப் பாருங்கள். சார்ஜ் விட்டுவிட்டு ஏறினால் பின் தேய்ந்திருக்கிறது.

கணக்கு

எடுத்துக்காட்டுக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். புதுப் பெரிய போன் 9,000 ரூபாய். மூன்று வருடத்தில் ஒரு காம்போ 1,500, ஒரு பேட்டரி 1,000. மொத்தம் 11,500; வருடத்துக்கு ஏறக்குறைய 3,800. பழைய சின்ன போன் 24,000, அதற்கு நல்ல பேட்டரி 3,000. மொத்தம் 27,000; வருடத்துக்கு 9,000. சின்ன போனில் திரை உடையவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் வித்தியாசம் மாதத்துக்கு 430 ரூபாய் வருகிறது. கைக்கு அடங்குவதற்கும், நல்ல கேமராவுக்கும், தடுமாறாத வேகத்துக்கும் சேர்த்து அந்த 430 ரூபாய். சிலருக்கு அது நியாயமான விலை. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கே இழுபறியாக இருப்பவருக்கு அது வீண். உங்கள் ஊர் விலையைப் போட்டு இதே கணக்கை நீங்களே போடுங்கள். தவணையில் வாங்குபவர்கள் மாதத் தொகையை மட்டும் பார்க்காமல், செயலாக்கக் கட்டணத்தையும் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள்.

பெரிய போனைத்தான் வாங்க முடிகிறது, கையோ சிறியது என்றால் அதற்கும் வழி உண்டு. ஆண்ட்ராய்டு 12 முதல் ஒரு கைப் பயன்முறை இருக்கிறது. அமைப்புகளில் தேடிப் போட்டுவிட்டால் திரையின் மேல்பகுதி கட்டைவிரல் எட்டும் உயரத்துக்கு இறங்கிவரும். விசைப்பலகையையும் ஓரமாக ஒதுக்கிக்கொள்ளலாம். பின்னால் விரல் மாட்டும் வளையம் ஒட்டினால் விழுவது வெகுவாகக் குறையும். என்னிடம் ஒட்டிக்கொண்டு போனவர்கள் காம்போ மாற்றத் திரும்பி வருவது அரிது. கண்ணாடிபோல் வழுக்கும் உறையைத் தவிருங்கள், ரப்பர் உறை போடுங்கள்.

வாங்கியதும் முதல் வேலை, பெட்டியில் உள்ள ஐஎம்இஐ எண்ணையும் பில்லையும் படமெடுத்து வீட்டில் இன்னொருவர் போனுக்கு அனுப்பி வைப்பது. போன் தொலைந்தால் போலீஸில் புகார் கொடுத்து, அதன் நகலோடு சஞ்சார் சாத்தியில் தடை செய்யலாம். அப்போது அந்த எண்ணும் பில்லும் கேட்பார்கள். தொலைந்த போனுக்குள்ளேயே அவை இருந்தால் உதவாது.